சிவப்புப் பென்சில் கோடுகளுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

என் கட்டுரையின் தரவைப் பற்றி நடந்த விசாரணையில் என் மேல் தப்பில்லை என்று வெள்ளிக்கிழமை மாலை கடிதம் கைக்கு வந்தது. மூன்று முறை படித்தும் நம்பிக்கை வராமல், பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளற மனமில்லை. வேலை இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் இந்த மடல் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆய்வின் பழைய விடைத்தாள்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து மறுபடி கணினியில் ஏற்றிய மாணவர்கள், கேட்காமலேயே கடிதம் எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கட்டணம் வாங்க மறுத்த வக்கீல், 'சாப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்த நண்பர்கள், என் எரிச்சலையெல்லாம் தாங்கிய வீட்டார். உங்கள் எல்லாருக்கும் தனித்தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். நேரில் வந்து சொல்கிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக.

அவரும் நானும் பன்னிரண்டு வருடமாக எதிர்க் கட்சி. எதற்குச் சண்டை என்று வெளியாரிடம் சொன்னால் சிரிப்பார்கள். பகையோடு இருக்கும் இரண்டு குழுக்களை ஒரு தலைவர் எப்படிச் சேர்த்து வைப்பது என்று ஆராய்வதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. நான் சமூக உளவியலாளர் ஷெரீஃப் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு சிறுவர் முகாமில் நடத்திய ஆய்வைப் படித்து இந்தத் துறைக்கு வந்தவன். 22 பையன்களை இரண்டாகப் பிரித்தார்கள். போட்டி வைத்தார்கள், பகை மூண்டது. அப்புறம் ஒரு குழுவால் மட்டும் முடியாத வேலைகளைக் கொடுத்தார்கள். கிளம்பாத லாரியைக் கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். என் உத்தியோகமே அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. பின்னால் கேர்ட்னர், டோவிடியோ என்ற உளவியலாளர்கள், இரண்டு குழுவும் தங்களை ஒரே குழுவாக நினைக்கவைக்கும் 'பொது அடையாளம்' பற்றிப் பேசியபோது எனக்கு இன்னும் குஷி. நம் மொழியில் இதைச் சொல்வது எத்தனை சுலபம், பாருங்கள்: 'நாங்கள்' என்பதை 'நாம்' ஆக்குவதே தலைவரின் வேலை. எத்தனையோ மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு கருத்தரங்கில் அவர் எழுந்து கேட்டார்: "சார், உங்க 'நாம்' யாரோட 'நாம்'? பெரிய குழுவோட 'நாங்கள்'தானே பேரை மாத்திக்கிட்டு வருது?"

அவர் பிடித்துக்கொண்டிருந்தது ஹியூஸ்டோன், பிரௌன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986-இல் வைத்த வாதம். குழு அடையாளத்தை மறைத்துவிட்டுப் பழகினால், அந்த ஒரு ஆளைப் பிடித்துப்போகும், அவ்வளவுதான். அந்த ஆளுடைய குழுவின் மேல் இருக்கும் எண்ணம் மாறாது. யார் எந்தப் பக்கம் என்பது தெரிந்தே பழக வேண்டும். நான் இதைப் பிடிவாதம் என்று எழுதினேன். அவர் என் கட்டுரைகளை வரி வரியாகக் கிழித்தார். அவருடைய மாணவர் ஒருவரின் விண்ணப்பம் என்னிடம் வந்தபோது, கொடுக்க வேண்டியதைவிடக் குறைத்து மதிப்பெண் போட்டேன். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிர்க் குழுவுக்கு அதைவிடக் குறைவாகப் போக வேண்டும் என்று பங்கு பிரித்த பையன்களைப் பற்றி உளவியலாளர் டாஜ்ஃபெல் 1970-இல் எழுதியதை வருடா வருடம் பாடம் நடத்துகிற ஆள் நான்.

சரி, அந்தக் கடைசி நாள் விசாரணைக்கு வருகிறேன். நீள மேசை. ஒரு பக்கம் நான் மட்டும், எதிர்ப்பக்கம் மற்ற எல்லாரும். மூன்றாவது அட்டவணையைப் பற்றிக் கேட்டார்கள். நான் எழுதிய கட்டுரைதான், பக்கம் கிடைக்கவில்லை. விரல்கள் தாளைப் பிடிக்கவே மாட்டேன் என்கின்றன. தாள்கள் சரிந்து தரையில் விழுந்தன. யாரும் அசையவில்லை. எதிர்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்தார், மேசையைச் சுற்றி வந்தார், என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன்னுடைய பிரதியை விரித்து என் முன் தள்ளினார். "பக்கம் பதினொண்ணு. மெதுவாப் படிங்க."

அந்தப் பிரதி முழுக்கச் சிவப்புப் பென்சில். ஓரங்களில் 'ஏன்?', 'இது போதாது', 'இதை எங்கே காட்டினார்?' என்று அவர் கையெழுத்து. அந்த ஆட்சேபங்களுக்கு நடுவே என் எண்களைத் தேடித் தேடிப் படித்துத்தான் பதில் சொன்னேன். என் கட்டுரையை இவ்வளவு கவனமாக என் ஆட்கள் ஒருவர்கூடப் படித்ததில்லை என்று அந்த நேரத்திலும் மனசுக்குள் ஓடியது.

அவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முறை வந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, "தரவு நேர்மையானது. முடிவு தப்புன்னுதான் இன்னமும் நினைக்கிறேன்" என்றார்.

அவர் கட்சி மாறி வந்திருந்தால், 'நல்லவர், அந்தக் கூட்டத்தில் ஒரு விதிவிலக்கு' என்று முடித்திருப்பேன். எதிராளியாகவே வந்து உட்கார்ந்ததால் அப்படி ஒதுக்க முடியவில்லை. அந்த வரிசையில் இருந்த மற்றவர்களையும் இப்போது வேறு மாதிரிதான் பார்க்கிறேன். அவருடைய வாதத்தை என்னை வைத்தே நிரூபித்துவிட்டார். ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று வகுப்பில் சொல்பவன் நான்தான், தெரியும். இது ஆய்வுக் கட்டுரை இல்லையே. ஹாக், வான் க்னிப்பென்பர்க், ராஸ்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் எழுதியதையும் இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன்: குழுக்களைக் கரைத்துவிடாமல், 'நாங்களும் அவர்களும் இப்படி உறவாக இருப்பவர்கள்' என்பதையே அடையாளமாக்க வேண்டும், தலைவர் எல்லை தாண்டிப் போய்வர வேண்டும் என்கிறார்கள். இத்தனை வருடம் அதை அடிக்குறிப்பில் தள்ளி வைத்திருந்தேன்.

அடுத்த பருவத்தில் லாரிக் கயிற்றுக்கு முன்னால் 1986 வாதத்தை நடத்தப்போகிறேன். அந்த மாணவருக்கும் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம்.

மேடம், பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன். பதினான்காம் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. ஒரு மாதம் டைம் கொடுங்கள்.