பழுப்பு ஓடும் ஆரஞ்சுக் கருவும் மேய்ச்சலுக்குச் சாட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபாலபுரம், மீனாட்சிபுரம் தமிழக-கேரள எல்லையின் இரு பக்கத்துக் கடைகளிலும் இப்போது ஒரே முட்டைக்கு மூன்று பெயர். தமிழில் எழுதினால் நாட்டுக்கோழி முட்டை, மலையாளத்தில் நாடன் முட்டை, அட்டைப் பெட்டியில் அடைத்து வந்தால் மேய்ச்சல் கோழி முட்டை. விலை நாமக்கல் வெள்ளை முட்டையைப் போல இரண்டு மடங்கு, சில கடைகளில் அதற்கும் மேல். வாங்குகிறவர்கள் பார்ப்பது இரண்டே விஷயம். ஓடு பழுப்பா? உடைத்தால் கரு ஆரஞ்சா? கோழி வெளியே மேய்ந்தது என்பதற்கு இவை இரண்டுமே சாட்சி அல்ல.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பாலக்காட்டுப் பக்கம் பல வீடுகளில் மொட்டை மாடியில் கம்பிக்கூண்டு வைத்து பி.வி. 380 என்ற கலப்பின முட்டைக்கோழியை வளர்க்கிறார்கள். ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும்; ஓடு நல்ல பழுப்பு. ஆனால் அந்தக் கோழி மண்ணை மிதித்ததே இல்லை. முட்டையில் குறை ஒன்றும் கிடையாது, ஒட்டும் பெயர்தான் பொய். அசல் நாட்டுப் பெட்டையின் முட்டையோ பெரும்பாலும் வெளிறிய சந்தன நிறம், சிலது கிட்டத்தட்ட வெள்ளை. கருங்கோழி என்கிற கடக்நாத்தின் முட்டைகூடக் கறுப்பு இல்லை, வெளிர் பழுப்புதான்.

முட்டையிடத் தொடங்கிய புதிதில் பண்ணைக்கோழி இடும் பொடி முட்டைகளை டீ டிகாக்‌ஷனில் நனைத்து நாட்டு முட்டை ஆக்குவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ தேய்க்கச் சொல்கிறார்கள். அது தப்பான சோதனை. இயற்கைப் பழுப்பும் ஓட்டின் மேலடுக்கில்தான் படிந்திருக்கிறது. புளிப்பு பட்டால் அந்த அடுக்கே கரைந்து அசல் நிறமும் கையோடு வரும். அதற்குப் பதில் முட்டையைச் சுற்றிலும் திருப்பிப் பாருங்கள். நனைத்த முட்டையில் சாயம் வடிந்து நின்ற இடத்தில் ஒரு சொட்டு அடர்ந்திருக்கும், அல்லது ட்ரேயில் உட்கார்ந்த இடம் வளையமாகத் தெரியும். மயிரிழை விரிசல் இருந்தால் அதன் ஓரம் கறுத்திருக்கும். உடைத்த பிறகு ஓட்டின் உட்புறத்திலும் அந்தக் கோடு இறங்கியிருக்கும்.

மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தில் இருக்கிறது. மக்காச்சோளம், துலுக்கச் சாமந்திப் பூப்பொடி, அதற்கென்றே விற்கும் செயற்கை நிறமி, எதைக் கலந்தாலும் கூண்டுக்கோழியின் கருவும் நிறமேறி வரும். குருணையும் வெள்ளைச் சோளமும் பொறுக்கித் தின்னும் அசல் நாட்டுக்கோழியின் கரு வெளிறித்தான் இருக்கும். தென்னந்தோப்பில் மேயும் கோழிக்கு ஜூன் மழைக்குப் பிறகு பச்சையும் புழுவும் கிடைக்கும், கரு நிறமேறும். மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்தால் கருவும் வெளுக்கும். ஆகவே பன்னிரண்டு மாதமும் ஒரே ஆரஞ்சு என்றால் நிறம் தீவன மூட்டையிலிருந்து வருகிறது என்று அர்த்தம். ஒரு பெட்டியில் ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று சந்தனம், ஒன்று வெளுப்பு என்று கலந்திருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். நாட்டு முட்டையின் எடை சுமார் 40 கிராம். அக்மார்க் தரத்தில் 38 முதல் 44 கிராம் வரையுள்ள சிறிய வகை. ட்ரேயில் உள்ள முப்பது முட்டையும் ஒரே மாதிரி 55 கிராம் என்றால் அது நாட்டுப் பெட்டையின் வேலை இல்லை.

கடைக்காரரிடம் ஒரு கணக்கும் கேட்கலாம். நாட்டுப் பெட்டை பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 60, 80 முட்டைதான். தினமும் பத்து ட்ரே தவறாமல் வருகிறதென்றால் பின்னால் எத்தனை கோழி, எத்தனை ஏக்கர்?

உண்மையான மேய்ச்சல் முட்டை என்றால், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் அறுவடை முடிந்த வயலில் நத்தையும் சிந்திய நெல்லும் தின்னும் வாத்துகளின் முட்டையைச் சொல்லலாம். வாடை ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நிறத்தைவிட முக்கியம் வயது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் குஞ்சாகும் கரு கூடியிருக்கும். இந்த வட்டாரத்து ஏப்ரல், மே வெயிலில் 27, 28 டிகிரியைத் தாண்டினாலே அது மெல்ல வளரத் தொடங்கும். கடை வாசலில் சில நாள் வைத்த முட்டையை உடைத்தால் ரத்த வளையம் தெரிவது இதனால்தான். மஞ்சள் கருவின் மேல் ஒற்றை ரத்தப்புள்ளி இருப்பது வேறு. அது முட்டை உருவாகும்போது கோழியின் ரத்த நுண்குழாய் வெடித்தது, கூண்டுக்கோழியிலும் வரும். சேவல் இல்லாத பண்ணை முட்டை இந்த வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதனால் கோடையில் ஃபிரிட்ஜில் வைக்காத கடையில் அசல் நாட்டு முட்டை வாங்குவதுதான் ஆபத்து.

கடையிலேயே செய்யக்கூடியது: செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துக் கையால் மறைத்துப் பாருங்கள். உள்ளே காற்றறை தெரியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் என்றால் புதியது, விரற்கடை ஆழம் என்றால் பழையது. அடர்ந்த பழுப்பு ஓட்டில் இது சரியாகத் தெரியாது. வீட்டில் தண்ணீரில் போட்டால் புதிது அடியில் படுக்கும். நாள் ஆக ஆக அகன்ற முனை எழும், பிறகு நெட்டுக்குத்தாக நிற்கும், கடைசியில் மிதக்கும். நுண்துளை வழியே ஈரம் போய்க் காற்று புகுவதே காரணம். இது வயதைத்தான் சொல்லும், மேய்ச்சலைச் சொல்லாது. தட்டில் உடைத்தால் வெள்ளைக்கரு கருவைச் சுற்றித் திரண்டு நிற்க வேண்டும். லேசாகக் கலங்கியிருந்தால் இன்னும் நல்லது, அது புதுசின் அடையாளம். தண்ணீராய் ஓடினால் நாள்பட்டது.

ஒட்டிய எச்சத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி விற்கும் முட்டையைத் தவிருங்கள். ஓட்டின் மேல் உள்ள காப்புப்படலம் போய்விடும். உள்ளே சுருங்கும்போது அழுக்குத் தண்ணீரையும் கிருமியையும் இழுத்துக்கொள்ளும்.

ஐரோப்பிய நாடுகளில் முட்டை ஓட்டிலேயே ஓர் எண் அச்சிடுகிறார்கள்: இயற்கை வேளாண் பண்ணை 0, மேய்ச்சல் 1, கொட்டகைத் தரை 2, கூண்டு 3. இங்கே பெட்டியில் இருப்பது பெரும்பாலும் பேக்கிங் தேதி மட்டும். முட்டை அதற்கு எத்தனை நாள் முன்பு இட்டது என்று யாருக்கும் தெரியாது. எண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லையின் இரு பக்கத்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் இட்ட தேதி, கோழியின் இனம், பண்ணை இருக்கும் ஊர் ஆகிய மூன்றையும் பெட்டியில் எழுத வைக்கட்டும். சில்லறைக் கடைக்காரர் ட்ரேயில் பென்சிலால் தேதி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை