நம் பூட்டனைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பூட்டனின் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முதுகுளத்தூர்ப் பக்கம் நிலப் பத்திரங்களைப் புரட்டப்போவதாகச் சொன்னாய். வேண்டாம்டா. கையகல நிலம்கூட இல்லாமல்தானே அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார், பட்டாவில் அவர் பெயர் எங்கிருந்து வரும்? அவரிடம் வேலை வாங்கியவர்கள்தான் அவரைப் பதிந்து வைத்திருப்பார்கள். அங்கே தேடு.

முதலில் காலத்தைச் சுருக்கிக்கொள். தன் அப்பா தனுஷ்கோடி வரை ரயிலில் போய், கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியதாகத் தாத்தா சொல்வார். அந்த வழி திறந்தது 1914-இல், பாம்பன் பாலம் வந்த அதே வருஷம். தோட்ட வேலைக்கு ஆட்கள் போவதை இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தடை செய்தது. ஆக, இந்த 25 வருஷத்துக்குள்தான் போயிருக்கிறார்.

போகிறவர்களுக்குக் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க, இங்கே மண்டபம் கேம்பில் நாள்கணக்கில் தங்க வைத்தார்கள். கேம்பை நடத்தியது இலங்கை அரசாங்கம். அதனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு நிற்காமல் கொழும்புக்கும் எழுதிக் கேள்.

பெயரை மட்டும் நம்பாதே. கருப்பையா என்று தேடினால் எத்தனை கருப்பையா வருவார்கள்! கங்காணி, அதாவது ஆள் திரட்டிப்போய்த் தோட்டத்தில் வேலை வாங்கிய மேஸ்திரி, அவர் பெயரைப் பிடி. கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களையும் சொந்தபந்தங்களையும்தான் திரட்டிப் போனார்கள். கங்காணி ஊர் தெரிந்தால் பூட்டன் ஊரை நெருங்கிவிடலாம். 1921 வரை 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. அதில் எழுதிய கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டம் ஆளை எடுக்க முடியும். நம் ஆட்களை இப்படித்தான் கணக்கில் வைத்தார்கள். படிக்கும்போது வயிறு எரியும், இருந்தாலும் படி.

அத்தை வீட்டுத் தகரப்பெட்டியில் குடும்ப அட்டை இருக்கிறது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தாத்தா திரும்பி வந்தபோது கொண்டுவந்தது. போட்டோவில் அப்பத்தா கடைக்குட்டியின் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும், பின் குத்திய இடத்தில் துரு ஏறியிருக்கும். அதற்கு அடியில் மடித்திருப்பது தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ். அதில் தோட்டத்தின் பெயர் இன்னும் தெளிவாக இருக்கிறது. பூட்டன் பெயரை எப்படி எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்களோ, அப்படியே தேடு. தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதே, பழைய காகிதம் பாழாகிவிடும். போனில் படம் எடுத்து எனக்கும் அனுப்பு.

அதற்கு முன்னால் அத்தையிடம் உட்கார்ந்து பேசு. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. எந்தக் கங்காணி, எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), பக்கத்து வீட்டில் யார் என்று ஒவ்வொன்றாகக் கேள். காப்பகம் அடுத்த வருஷமும் திறந்திருக்கும்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து அண்ணன்