சஃபோக்கிலிருந்து செல்வாவுக்கு

அன்புள்ள செல்வா,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. அப்பாவின் தறியைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பவித்ராவுக்கு பரி செயின்ட் எட்மண்ட்ஸில் நர்ஸ் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எங்கள் கிராமத்திலிருந்து அந்த ஊர் காரில் அரை மணி நேரம்தான். "அவ்வளவு அமைதியான இடத்தில் பிள்ளை எப்படி இருப்பாள், அங்கே மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்களா" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது சஃபோக். எங்கள் கிராமம் லாவன்ஹாம் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். ஒரே தெரு, ஒரு சர்ச், ஒரு பப், அவ்வளவுதான். கடை கிடையாது. வைக்கோலும் நாணலும் வேய்ந்த கூரைகள், ரோஸ் நிறச் சுண்ணாம்பு அடித்த சுவர்கள். சஃபோக் பிங்க் என்றே அந்த நிறத்தைச் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு இந்த ஊர்கள் எப்போதுமே இப்படித் தூங்கிக்கொண்டிருந்தவை போலத் தோன்றும். உண்மை வேறு, அதை நெசவாளர் வீட்டுப் பிள்ளையான நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லாவன்ஹாம் ஒரு நெசவு ஊர். தடித்த கம்பளித் துணி, அதற்கு வோட் என்ற செடியின் இலையிலிருந்து எடுத்த நீலச் சாயம். அந்த நீலத் துணி கடல் கடந்து போனது. 1524 வரிக் கணக்குப்படி இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் அதுவும் ஒன்று. ஜவுளி வியாபாரிகளின் பணமும் சேர்ந்து எழுந்த சர்ச் கோபுரம் 141 அடி உயரம், வெகு தூரத்து வயலில் நின்றாலும் தெரியும். அப்புறம் நெதர்லாந்துப் பக்கமிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் கால்செஸ்டர் என்ற பக்கத்து நகரில் குடியேறி, மெல்லிய, விலை குறைந்த துணியை நெய்ய ஆரம்பித்தார்கள். இங்கே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வீட்டை இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் அந்தக் காலத்து மரச்சட்ட வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி இன்றும் நிற்கின்றன. ரயிலும் 1961-இல் பயணிகளுக்கு நின்றுபோனது. அந்தப் பாதையின் ஒரு பகுதியில் இப்போது ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கேமராவோடு வருகிறவர்கள் ரசிக்கிற இந்த அமைதிக்கு அடியில் ஒரு தொழில் படுத்த கதை கிடக்கிறது. சென்னிமலைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சத்தமே இல்லை என்று நினைத்துவிடாதே. காட்டுப் புறாக்கள் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். ஆகஸ்டில் மழைக்கு முன்னால் கோதுமையை அறுத்து முடிக்க வேண்டும் என்று அறுவடை இயந்திரம் நடுராத்திரி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடும். இலையுதிர் காலத்திலிருந்து குளிர் முடிகிற வரை சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு ஏற்றிய லாரிகள் போகும். பரி செயின்ட் எட்மண்ட்ஸில் 1925 முதல் ஓடுகிற ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் மண்ணும் வேகவைத்த கிழங்கும் கலந்த வாடை வரும். பவித்ராவுக்கு முதல் வாரம் பிடிக்காது, பிறகு பழகிவிடும்.

மனிதர்களைப் பற்றிக் கேட்டாயே. பேசுவார்கள், ஆனால் தெருவில் நின்று பேசுவார்கள். மழை, தோட்டம், நாய், யார் வீட்டுக் கூரைக்கு ஆள் வந்திருக்கிறது என்பது வரைக்கும் பேச்சு போகும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வருவது மட்டும் கிடையாது. ராதாவுக்கு இது முதலில் ரொம்ப வருத்தம். "ஒரு வாய் காபி குடிக்கக்கூட யாரும் வரமாட்டேங்கறாங்களே" என்பாள். போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன் நடந்து வீட்டில் படுத்திருந்தபோது வாசலில் ஒரு மூடிய பாத்திரம் இருந்தது. உள்ளே பருப்பு சூப். மேலே ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் "இதில் இறைச்சி இல்லை, பாத்திரத்துக்கு அவசரமில்லை" என்று எழுதியிருந்தது. நாங்கள் சைவம் என்பதை யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. கவனித்திருக்கிறார்கள். அதற்கு முன் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குப்பைத் தொட்டி எடுக்கும் நாளன்று நானும் அங்கேயே இருந்தேன், வந்து பார்த்தால் எங்கள் தொட்டியை யாரோ தெருவோரம் வைத்து, காலியானதும் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சூப்பும் இதுவும் பக்கத்து வீட்டு அம்மாவின் வேலைதான் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நம் ஊரில் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், இவர்கள் கண்ணில் படாமல் வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது, செல்வா.

இங்கே எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது நடைபாதைகள். தனியாருக்குச் சொந்தமான வயலின் நடுவே பொதுப் பாதை ஓடும். மூலையில் ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. அது காட்டுகிற திசையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், விவசாயி தடுக்க முடியாது. வயலுக்குக் குறுக்கே போகிற பாதையை உழவுக்காக அவர் கலைக்கலாம், ஆனால் 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி சரிசெய்து கொடுத்தாக வேண்டும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு. ஜூனில் இடுப்பளவு நிற்கிற கோதுமைக்கு நடுவே அந்த ஒரு மீட்டர் வகிடு எடுத்ததுபோல நேராகப் போகும். நடக்கிறவர்களும் கதிரில் கால் வைக்க மாட்டார்கள். கேட்டைத் திறந்தால் திரும்பச் சாத்துவார்கள், திறந்தே கிடந்ததை அப்படியே விட்டுவிடுவார்கள். யாருக்கோ சொந்தமான நிலத்தில் எனக்கும் ஒரு பாதை உண்டு என்ற நினைப்போடு நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒவ்வொரு நடையிலும் தோன்றுகிறது. குத்தகை நிலத்து வரப்பில் கால் வைத்ததற்காக உன் தாத்தா வாங்கிய பேச்சு ஞாபகம் இருக்கிறதா?

இந்தப் பாதைகளைத் தலைக்கு மேல் வளர்ந்த முட்செடி மூடாமல் வெட்டிவிடுவதில் பாதி வேலை ஊர்க்காரர்களுடையதுதான். 1894 சட்டத்தில் வந்த பாரிஷ் கவுன்சில் என்ற சின்ன ஊர் மன்றம் ஒன்று உண்டு, உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் சிவப்பு டெலிபோன் பூத்தை ஒரு பவுண்டுக்கு வாங்கி, இதயம் நின்றுபோனால் பயன்படுத்துகிற டிஃபிப்ரிலேட்டரை அதில் வைத்திருக்கிறார்கள். சர்ச் புல்லை வெட்ட, மணி அடிக்க, பஸ் வசதி இல்லாத முதியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போக என்று எல்லாவற்றுக்கும் முறை போட்டிருக்கிறார்கள். என் பெயரும் கார் ஓட்டுகிறவர்கள் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் நாற்பது வயதுக்குக் கீழே யாருமே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளால் இங்கே வீடு வாங்க முடியவில்லை. லண்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். சிலர் வார இறுதிக்கு மட்டும் வந்து போகிறார்கள். நவம்பரில் போர் நினைவு ஞாயிறன்று முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லைப் பார்த்து வாசிப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை வரும். அந்தப் பெயரில் இன்று ஊரில் ஒரு வீடு இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. அழகாக வைத்திருந்து என்ன, வாழப் பிள்ளைகள் வேண்டாமா? கவுன்சில் கூட்டத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட ஒரு யோசனை வந்தபோது நான் எழுந்து ஆதரித்துப் பேசினேன். எதிர்ப்பும் பலமாகவே இருக்கிறது. விடப்போவதில்லை.

சரி, பவித்ரா விஷயம். முதல் குளிர்காலத்துக்கு அவள் பரியிலேயே அறை எடுக்கட்டும், கிராமம் வேண்டாம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், எங்கள் தெருவில் விளக்குக் கம்பமே கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்குப் பஸ்ஸும் இருக்காது. இந்திய லைசென்ஸை வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்குள்ள டெஸ்ட் எழுதிப் பாஸாகிவிட வேண்டும். குளிர் மாதங்களில் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குக் கேம்பிரிட்ஜ் மில் ரோட்டுக் கடைகள் இருக்கின்றன, நாங்கள் போகும்போது அவளையும் கூட்டிப்போகிறோம். லீவு நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான். ராதா இப்போதே மாடி அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், ஹீத்ரோவுக்கு நானே வருகிறேன். பெட்டியில் இடம் இருந்தால் நம் ஊர்ப் பெட்ஷீட் ஒன்று கொடுத்தனுப்பு, சூப் கொடுத்த அம்மாவுக்குத் தர வேண்டும். தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று இந்த முறையாவது எழுது.

அன்புடன்,
மணி