முத்தா, மாணிக்கமா?

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ கதைத்தபோது, சிலப்பதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டாய். சொல்லிக்கொடுக்காதே அம்மா. நடித்துப் பாருங்கள்.

1990களின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாத இரவுகள் உனக்கு நினைவிருக்கும். குப்பி விளக்கு வெளிச்சத்தில் அப்பா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதிரையில் பாண்டியனாக இருப்பார். நெருப்புப் பெட்டிக்குள் மஞ்சாடி விதைகளைப் போட்டு ஒட்டியதுதான் உன் சிலம்பு. 'தேரா மன்னா செப்புவது உடையேன்' என்று நீ தொடங்கும்போது உனக்கு எட்டு வயது. 'தேரா' என்றால் ஆராய்ந்து பார்க்காத என்று அப்போது நான் விளக்கவில்லை. ஆனால் அது கோபமான சொல் என்று உன் குரலுக்கு விளங்கியிருந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பெட்டி உடைந்து சிவப்பு விதைகள் தரையெல்லாம் ஓட, அப்பா 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லிச் சரிந்தார். நீ நடிப்பை மறந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாய். அரசன் ஏன் முதலிலேயே விசாரிக்கவில்லை என்று படுக்கையிலும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் நாலு நாள் விளக்கியிருந்தாலும் அந்தக் கேள்வி உனக்கு வந்திருக்காது.

பிள்ளைகளுக்குத் தமிழ் குறைவு என்று பயப்படாதே. முழுக் காப்பியமும் வேண்டாம். வழக்குரை காதை ஒன்றே போதும், அதிலும் கண்ணகியும் அரசனும் பேசும் பகுதிதான். 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதே. முதல் கடைமணி வாசலில் தொங்கும் மணி, இரண்டாவது பசுவின் கண்ணோரத்துக் கருமணி. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள். விடுகதை மாதிரிக் கேட்டுப் பார், சின்னவன் விடமாட்டான்.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது சுவாமி மலை விளிம்பில் நின்று 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று சம்பந்தர் தேவாரத்தைச் சொல்லவைப்பேனே, அதுவும் இப்படித்தான். கீழே அலை அடிக்கும் சத்தம் முதலில், நித்திலம் என்றால் முத்து என்பது பிறகு. வைகாசியில் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கும்போது, பொருள் தெரியாமலே மடியில் கிடந்து கேட்ட பிள்ளைதானே நீயும்.

பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியர் தொடங்கிவிட்டது என்றாய். அதையும் வீட்டில் கதிரைகளைத் தள்ளிவைத்துவிட்டு உரக்க வாசியுங்கள். நம்மூர் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய விபுலானந்த அடிகள், 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழில் எடுத்துக்காட்டினார். நாடகத்தின் இலக்கணத்தைத் தமிழருக்குச் சொல்ல அவருக்கு அந்த நாடகங்களும் வேண்டியிருந்தன. உன் மகளுக்கு இரண்டும் சொந்தம் என்று அவளிடம் சொல்.

சரி, மஞ்சாடி விதை ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்துபோகிற ஆரிடமாவது கொடுத்துவிடுகிறேன். அதுவரை சிவப்புப் பாசிமணி போதும். ஞாயிற்றுக்கிழமை காணொளியில் கூப்பிடு. பாண்டியனை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். 'வாழி எம் கொற்கை வேந்தே வாழி' என்று வந்து சொல்லும் வாயிற்காவலன் வேடத்தை எனக்கு வைத்திரு.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை