கடலைக் காகிதத்தில் எழுதக் கற்றுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள சட்டத்தரணி அக்காவுக்கும், உங்களோடு நின்ற எல்லோருக்கும்,

கொக்கிளாய், நாயாறு, அளம்பில், சிலாவத்தை, மாத்தளன், சாலை என முல்லைத்தீவுக் கரை நெடுகக் கடற்றொழில் செய்கிற குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதனால் பெயரை விட்டு, எங்கள் வழக்குகளுக்காகச் செய்த வேலையை விபரமாக எழுதி நன்றி சொல்கிறோம். வாசிக்கிற வேறு கரைக்காரருக்கும் அது உதவட்டும்.

முதல் நன்றி அந்த ஒரு மாதக் கணக்குக்கு. அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. கரையோர வழக்குகள் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். சங்கம் கூடி, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) மகஜர் கொடுத்து, பதில் வரும் வரும் என்று இருந்துவிட்டுக் கொழும்புக்குப் போனால் நாற்பதாவது நாள் ஆகியிருக்கும். மகஜர் கொடுத்ததற்காக நாள் நின்று கொடுக்காது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. அதற்கும் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதமும் கையில் இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு சங்கத்துக்கும் வந்திருந்து, பலகையில் எழுதி விளங்கப்படுத்தினீர்கள்.

அடுத்தது, யாருக்கு எதிராக மனு என்ற தெளிவு. றோலர் (இழுவைமடிப் படகு) வந்து வலையை அறுத்துப்போனால், றோலர்காரனுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுப் போட முடியாது. தடுக்க வேண்டிய அதிகாரி அறிந்திருந்தும் தடுக்கவில்லை என்றால்தான் வழக்கு நிற்கும். அப்படியானால் அவர் அறிந்திருந்தார் என்பதைக் காட்ட வேண்டும். பதிவுத் தபாலில் போன கடிதத்தின் பிரதி, தபால் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தைத்து வைத்தால் பாதி வழக்கு அங்கேயே இருக்கிறது. வாயால் சொன்ன முறைப்பாடு கடற்காற்றோடு போய்விடும்.

சான்று எடுக்கும் முறைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அறுந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தவுடன் கை தானாக ஊசி நூலைத் தேடும். அடுத்த இரவும் தொழிலுக்குப் போக வேண்டுமே. ஆனால் முடிச்சுப் போட்டுச் சீராக்கிய வலை சான்றாகாது. மணலில் விரித்து, அறுந்த முனை தெரியப் படம் எடுத்து, கண்ணியை இழுத்துப் பிடித்து முடிச்சுக்கு முடிச்சு அடிமட்டம் வைத்து இன்னொரு படம் எடுத்து, எத்தனை துண்டு, எத்தனை மிதப்பு, எவ்வளவு ஈயம், எவ்வளவு கயிறு என்று எண்ணி எழுதி, வாங்கிய கடைத் துண்டையும் சேர்த்த பிறகுதான் ஊசி. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து அழிந்துபோகும். கோப்பாக அனுப்ப வேண்டும், மூலப் படத்தைப் போனில் இருந்து அழிக்கவும் கூடாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை நல்ல படங்கள் வெறும் படங்களாகவே போயின!

ஜிபிஎஸ் கணக்கிலும் அப்படித்தான். கருவியில் 9 பாகை 15.5 கலை என்று இருப்பதை அவசரத்தில் 9.155 என்று எழுதிவிடுவார்கள். சரியான தசம எண் 9.258. பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை; அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால், அந்த ஒரு பிழையில் இடம் தெற்கே 6 கடல் மைலுக்கு மேல், ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தள்ளிப்போகும். முல்லைத்தீவுக்கு நேரே நடந்தது வேறு ஊர்க் கடலில் நடந்ததாக ஆகிவிடும். எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும். கருவியின் திரையையே படம் எடுக்கச் சொன்னது உங்கள் யோசனை.

மனுவோடு சேர்க்கும் சத்தியக்கடதாசிகளைத் தமிழில் வாசித்துக் காட்டிய மொழிபெயர்ப்பாளர் தம்பிக்கும், நேரம் பார்க்காமல் வீட்டுத் திண்ணையில் இருந்து ஒப்பமிட்டுத் தந்த சமாதான நீதவான் ஐயாவுக்கும் தனியாக நன்றி. ஆங்கிலத்தில் எழுதிய கடதாசியில் ஆங்கிலம் தெரியாதவர் கையொப்பம் இட்டால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்று அடியில் எழுதியிருக்க வேண்டும். சைவர்கள் உறுதியுரைப்பார்கள், வேதக்காரர் (கிறிஸ்தவர்) சத்தியம் செய்வார்கள். அச்சடித்த படிவத்தில் இது மாறிக் கிடந்தாலும் ஆட்சேபனை வரும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஓர் எழுத்துக்கூட வேறுபடக் கூடாது. ஐயா ஒவ்வொரு அட்டையையும் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து எழுத்தெண்ணிப் பார்த்தார்.

தகவல் அறியும் சட்டத்தைக் கையில் தந்ததும் நீங்கள்தான். சுருக்குவலைக்கும் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதற்கும் எத்தனை அனுமதிப்பத்திரம், என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்று தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தால் முதலில் சொன்ன ஒரு மாதம் போய்விடும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னீர்கள்.

கடலைக் காப்பதும் கடலோடியைக் காப்பதும் வேறு வேறு வேலை அல்ல என்று நீங்கள் விடாமல் வாதாடியதை நாங்கள் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறோம். கடலடியை வாரி எடுக்கும் இழுவைமடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எங்களுக்குக் கவசம். அதே 2017இல் நந்திக்கடல் நீரேரி இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் வந்தபோது, அங்கே தலைமுறையாக இறால் பிடித்தவர்கள் அத்துமீறுபவர்கள் ஆகிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. பறவைக்கும் கண்டலுக்கும் பாதுகாப்பு வேண்டும்; வீச்சுவலைக்காரருக்கும் வழி வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதலாம் என்று காட்டினீர்கள். இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பது என்று 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில் வந்த தீர்ப்பை எங்கள் பிள்ளைகள்கூட இப்போது சொல்லுவார்கள்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்தது. 2025 யூலை 24இல் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டது. நான்கு வருடம் எடுத்தது. மனு போட்டு இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதியிருந்தாலும், பெரிய வழக்குக்கு இவ்வளவு காலம் போகும் என்று முன்கூட்டியே சொல்லி எங்களைத் தளரவிடாமல் வைத்திருந்தது பெரிய உதவி. மேற்குக் கரையில் நடந்த அந்த வழக்கை இழப்பீட்டுத் தொகைக்காக மட்டும் நாங்கள் படிக்கவில்லை. கடலுக்கு வந்த கேட்டையும் கடற்றொழிலாளர் இழந்த பிழைப்பையும் ஒரே தீர்ப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று அது காட்டியது.

2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் உறவுகளையும் இந்த மடலில் சேர்க்காமல் விட முடியாது. வவுனியா மேல் நீதிமன்றத்தில் 2013இல் ஆட்கொணர்வு மனுக்கள் தொடங்கின, விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. தவணைக்குத் தவணை அந்தத் தாய்மாரோடு வாங்கில் இருந்த சட்டத்தரணிகள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். வலைக்கு விலைத்துண்டு இருக்கிறது. பிள்ளைக்கு என்ன துண்டைக் காட்டுவது?

இரவு பத்து மணிக்கு முல்லைத்தீவில் எடுத்து, விடியக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இறக்கிய வான் சாரதி அண்ணாவுக்கும், பிரதி எடுத்த கடைக்காரப் பிள்ளைக்கும், வலைத் துண்டுகளை எண்ணிக் கொப்பியில் எழுதிய அக்காமாருக்கும் நன்றி.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கும் நாளுக்கே வந்துவிடுங்கள். சாப்பாடு எங்கள் வீடுகளில். வரும்போது அந்தச் சான்றுப் படிவத்தில் இன்னும் கொஞ்சம் கொண்டு வாருங்கள், சாலைப் பக்கச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
கொக்கிளாய் தொடக்கம் சாலை வரையான கரையோரக் கடற்றொழிலாளரும் குடும்பங்களும்