உயரத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலை, தோட்ட அணிகளுக்கு உதைபந்தாட்ட வீரர்களைத் தெரிவு செய்யும்போது, கோலுக்கு முன்னால் நின்று உயரப் பந்துகளைத் தடுக்கும் நடுப் பின்களத்துக்கு உயரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கட்டையான பையனென்றால் பந்தைத் தொடுமுன்பே மைதானத்தின் ஓரமான விங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொலம்பியாவின் இவான் கோர்டோபா விளையாடியதைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

கோர்டோபாவின் உயரம் 1.73 மீற்றர்தான். நுவரெலியாவைவிட உயரத்திலுள்ள ரியோநெக்ரோ என்ற மலையூரில் பிறந்தவர். 2000 முதல் 2012 வரை இத்தாலியக் கழகமான இன்டர் மிலானின் பின்களத்தில் ஆடினார். அந்த அணி தொடர்ந்து இத்தாலிய லீக்கை வென்ற காலமும், 2010இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் வென்றதும் அதற்குள் அடங்கும். நாட்டுக்காக 73 ஆட்டங்கள். தென்னமெரிக்க நாடுகளின் கிண்ணப் போட்டியான கோபா அமெரிக்காவில், 2001இல், அவர் தலைமை தாங்கிய கொலம்பியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. பொகோட்டாவில் மெக்சிக்கோவுடன் நடந்த இறுதியாட்டத்தின் 65ஆவது நிமிடத்தில், இவான் லோபஸ் அடித்த பிரீ கிக்கைத் தலையால் முட்டி, ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவரும் அவர்தான். கொலம்பியா இன்றுவரை வென்ற ஒரே கோபா கிண்ணம் அது.

பந்தைத் தலையால் முட்டும் ஹெடரில் நம் பிள்ளைகள் விடும் முதல் பிழை, பந்து விழுமிடத்துக்கு முந்திப்போய் அதற்கு நேர்கீழே நிற்பது. நின்ற நிலையில் எம்பினால் உயரமானவனே வெல்வான். விழுமிடத்துக்கு மூன்றடி பின்னால் நின்று, இரண்டெட்டு ஓடி, ஒற்றைக் காலை ஊன்றி, மற்ற முழங்காலை மேலே வீசி எழவேண்டும். எதிராளிக்கு ஒரு கணம் முன்னே எழுவது முக்கியம். பிந்தினால் அவன் தோளில் ஏறி விழுந்து பவுல்தான். கண் திறந்திருக்க, வாய் மூடியிருக்க, நெற்றியில் பந்து படவேண்டும். உச்சந்தலையில் பட்டால் பந்து நேரே மேலே எகிறும், கழுத்தும் நோகும்.

நுவரெலியா போன்ற இடங்களில் காற்று அடர்த்தி குறைவு. கொழும்பில் அடிக்கும் அதே அடிக்கு இங்கே பந்து சற்றுக் கூடுதலாகப் போகும். ஆகவே, கோல் காப்பாளரின் நீண்ட உதைக்கு இன்னும் ஓரெட்டுப் பின்னால் நிற்கப் பழக்குங்கள். மழையில் ஊறிய பழைய பந்தில் ஹெடர் பழக்கவே கூடாது, பாரம் தலையைத் தாக்கும். சிறுவர்களுக்கு சற்றுச் சிறிய 4ஆம் இலக்கப் பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, கையால் எறிந்து கொடுத்து, பத்து ஹெடருக்குள் நிறுத்திவிடுங்கள்.

அடுத்த தெரிவின்போது அளவுநாடாவை எடுக்குமுன், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து உயரப் பந்துகள் போட்டு, எத்தனையில் எதிராளிக்கு முந்தி நெற்றி படுகிறதென்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் சிலர்,
ஹட்டன்.