நீ கேட்ட சான்றுக் கடிதம் குறித்து

ஹலசூரு, பெங்களூரு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பாவின் ஆசிகள். உங்கள் அடுக்குமாடியில் ஒருவர் வளர்க்கும் ராட்வீலர் என்ற பெரிய காவல் நாயைப் பற்றி உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கொடுப்பதற்காக, "ராட்வீலர் இனமே ஆபத்தானது, அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்திருக்கத் தகாதது" என்று கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டிருந்தாய். அதை என்னால் எழுத முடியாது. என் பேத்தி நிலாவை நினைத்து நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் கயிறில்லாமல் விடப்பட்ட இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைப் படித்த எந்தத் தாயும் பயப்படத்தான் செய்வாள். ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் உங்கள் சங்கத்தாரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் அல்சேஷன் என்றாலே தெரு ஒதுங்கிப் போகும். அடுத்து அந்தப் பழி டாபர்மேன் மீது விழுந்தது. வயது ஏற ஏற அதன் மூளை மண்டை ஓட்டுக்குள் அடங்காமல் பெருத்து, வெறி கொண்டு வளர்த்தவரையே கடிக்கும் என்று நன்கு படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாய்க்கும் அப்படி மூளை பெருப்பதில்லை. இன்று பிட்புல் கடித்தால் அதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்கள். கவ்வியதை விடாத பிடிவாதம் அதற்கு உண்டு, ஆனால் தாடையைப் பூட்டும் தனி அமைப்பு எதுவும் அதன் எலும்பிலோ தசையிலோ இல்லை.

உங்கள் செயலாளர் மேற்கோள் காட்டும் மத்திய அரசின் சுற்றறிக்கையை நானும் படித்தேன். 2024 மார்ச் 12 அன்று வெளியான அது, 23 இனங்களை வளர்க்க உரிமம் தரக் கூடாது என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பட்டியலில் ஜப்பானின் டோசா இருமுறை வருகிறது. "டெரியர்கள்" என்று ஒரே சொல்லில், மடியில் வைத்துக் கொஞ்சும் அளவுள்ள நாய்களையும் சேர்த்து ஒரு பெருங்கூட்டமே அடங்கிவிடுகிறது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் பிறப்பித்தது என்பதால் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது. வெளிநாட்டு அனுபவமும் இனத்தடைக்குச் சாதகமாக இல்லை. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்தது. கடிபடுவோர் எண்ணிக்கை குறையவில்லை என்று கண்டு 2008இல் அத்தடையைக் கைவிட முடிவு செய்தது.

2022இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி உரிமையாளர்களிடம் விவரம் திரட்டியும், சுமார் 2,000 நாய்களின் மரபணுவைப் படித்தும் ஒரு முடிவுக்கு வந்தது: ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்தான். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. கடிக்கும் எண்ணம் எந்த நாய்க்கும் வரலாம். கடித்தால் என்ன ஆகும் என்பது உடம்பின் அளவைப் பொறுத்தது. பொமரேனியன் கடித்தால் நான்கு பல் தடத்தோடு போகும் காரியம், ஐம்பது கிலோ ராட்வீலரிடம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பெரிய நாயை வைத்திருப்பவருக்குப் பெரிய பொறுப்பு உண்டு. அதை நான் எங்கும் வலியுறுத்துவேன்.

நம் ஊர்ப் பக்கத்தை நினைத்துப் பார். ராஜபாளையம் நாய் தோட்டத்துக்குள் அன்னியனை விடாது என்பதை நாம் விசுவாசம் என்று பெருமையாகச் சொல்கிறோம்; கோம்பை நாயின் சீற்றத்தை வீரம் என்கிறோம். அதே காவல் குணத்தை வெளிநாட்டு நாயிடம் கண்டால் கொலைவெறி என்று பெயரிடுவது எந்த விதத்தில் நியாயம்? இந்தத் தப்பெண்ணத்தால் மறுபக்கமும் கேடுதான்: லாப்ரடார் சாது என்று நம்பி, அது சாப்பிடும்போது தட்டருகே குழந்தையைத் தனியே விட்டு, முகத்தில் தையலோடு வந்து நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் வாசலில் அந்த ராட்வீலரைக் கவனித்தேன். பிடித்திருந்தவன் அதை வளர்ப்பவர் வீட்டில் வேலை செய்யும் ஒல்லியான இளைஞன்; வாரை மணிக்கட்டில் சுற்றியிருந்தான். கதவு திறந்ததும் நிலா கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். நாய் குரைக்கவில்லை. இரைத்துக்கொண்டிருந்த வாயை மூடியது, உடம்பு விறைத்தது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனதில் வெள்ளை விழி பிறை போலத் தெரிந்தது, உதட்டை நக்கிக்கொண்டு மெல்ல உறுமியது. விலகிப் போ என்று ஒரு நாய் இதைவிட நாகரிகமாகக் கேட்க முடியாது. அந்த இளைஞனோ வாரைச் சுண்டி இழுத்து, அதன் தலையில் ஓங்கி ஓர் அடி வைத்தான். உறுமியதற்காக அடிபடும் நாய், உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். என் கவலை முழுவதும் அந்த அடியிலும், நாய் ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு போகக்கூடிய அந்தப் பிடியிலும்தான் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் வழியாக நீ கேட்க வேண்டியவை வேறு. நாயை அடக்கிப் பிடிக்க வலுவுள்ள பெரியவர்தான் வெளியே கொண்டுவர வேண்டும். குட்டையான வார் வேண்டும். லிஃப்டில் குழந்தைகள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். பொது இடத்தில், வாய் திறந்து இரைக்க இடமுள்ள வாய்க்கூடு போட நாயின் உரிமையாளர் சம்மதித்தால் நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் காட்ட வேண்டும். அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரை வைக்க வேண்டும். நாயே கூடாது என்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அஜாக்கிரதையாக நாயை வைத்திருப்பவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி வழக்குத் தொடரலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நிலாவுக்கும் சொல்லிக்கொடு: அதன் எதிரே ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது, கைகளை உடம்போடு சேர்த்து நின்றுவிட வேண்டும்.

இவற்றை அந்த வீட்டுக்காரர் ஏற்க மறுத்தால், அவர் அந்த நாயை வைத்திருக்கும் விதம் ஆபத்தானது என்று, லிஃப்ட் வாசலில் நான் கண்டதை அப்படியே எழுதி, என் பதிவு எண்ணோடு கையெழுத்திட்டுத் தருகிறேன். அதற்கு முன் அவரிடம் நேரில் பேச விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அவர் வீட்டில் இருப்பாரா என்று கேட்டு வை.

அன்புடன்,
அப்பா